பட்டறைகள் பெருகின, பாடங்கள் மாறினவா?



பணியிடைப் பயிற்சிகளைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் இரண்டே இடங்களில்தான் உண்மையைப் பேசுகிறோம். ஒன்று, பட்டறையின் தேநீர் இடைவேளை. மற்றொன்று, வீடு திரும்பும் கார்ப் பயணம். இரண்டிலும் கேட்பது ஒரே பெருமூச்சுதான்: "இன்றைய நாளும் போயிற்று." ஆனால், மாலையில் நீட்டப்படும் கருத்துப் படிவங்களில் "மிக நன்று" என்பதே குவிகிறது. அந்தப் படிவங்களைத் தொகுத்து அறிக்கை எழுதப்படுகிறது. அவ்வறிக்கையைக் காட்டி அடுத்த பட்டறைக்கு ஒதுக்கீடு பெறப்படுகிறது. இந்த வட்டம் ஓய்வதே இல்லை.

காரில் பேசுவதை இன்று எழுத்தில் வைக்கிறேன். யாரையும் புண்படுத்துவது என் நோக்கமன்று. பயிற்சி வேண்டாம் என்பதும் என் வாதமன்று. பயிற்சி வேண்டும், இன்னும் ஆழமாக வேண்டும். ஆனால், இப்போது பயிற்சி என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி பயிற்சியே அன்று; தகவல் அறிவிப்பு. அறிவிப்பைப் பயிற்சி என்று அழைப்பதால் நட்டமடைவது ஆசிரியர் மட்டுமல்லர். அன்றைக்கு ஆசிரியர் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளும் நட்டமடைகிறார்கள்.

எண்கள் சொல்லும் செய்தி

அரசு ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்று 2005ஆம் ஆண்டில் பொதுச்சேவைச் சுற்றறிக்கை வந்தது. நல்ல எண்ணத்தில் பிறந்த விதிதான். ஆனால் அன்று முதல் "ஏழு நாள்" என்பது நிரப்ப வேண்டிய கட்டமாகிவிட்டது. ஆண்டு இறுதி நெருங்கும்போது "எனக்கு இன்னும் இரண்டு நாள் குறைகிறது" என்று பேசிக்கொள்கிறோம். "எனக்கு இன்னும் இந்தத் திறன் குறைகிறது" என்று யாரும் பேசக் கேட்டதில்லை.

2013ஆம் ஆண்டில் கல்வியமைச்சு வெளியிட்ட 2013–2025 மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் ஒரு முக்கியமான செய்தியைப் பதிவு செய்தது. நம் நாட்டு ஆசிரியர்கள் ஆண்டுக்குச் சராசரி 10 நாள்களைத் தொழில் மேம்பாட்டில் செலவிடுகிறார்கள். அஃது இலக்கைவிட அதிகம். ஆனால், பள்ளியிலேயே நடக்கும் வழிகாட்டல், அதாவது வகுப்பைப் பார்வையிட்டுப் பேசுதல், பாடத்தைச் சேர்ந்து திட்டமிடுதல் போன்றவை, அந்தப் பயிற்சியில் சிறு பகுதியே என்றும் அதே ஆவணம் ஒப்புக்கொள்கிறது.

அதே ஆவணத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. 2011இல் உயர்கல்வித் தலைமைத்துவப் பயிற்சி நிறுவனமான அக்கெப்டின் ஆய்வாளர்கள் 41 பள்ளிகளில் 125 பாடங்களை நேரில் பார்த்தார்கள். அவற்றில் பாதியே பயன்தரும் வகையில் நடத்தப்பட்டன என்று கண்டார்கள். அவை எல்லா வகைப் பள்ளிகளுக்குமான எண்கள். தமிழ்ப்பள்ளிகளுக்கு மட்டும் உரியவை அல்ல.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பயிற்சி நாள்கள் இலக்கைத் தாண்டிவிட்டன. பாடங்களோ பாதி வழியில் நிற்கின்றன. அப்படியானால் குறை நாள்களின் எண்ணிக்கையில் இல்லை. அந்த நாள்களில் நடப்பதில் இருக்கிறது. இந்த முடிவுக்கு வர முனைவர் பட்டம் தேவையில்லை.

நன்னூல் போட்ட கணக்கு

ஒரு மனிதர் ஒன்றைக் கற்று முடிப்பது எப்படி என்பதற்கு, 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அது இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை மாணவன் நன்றாக வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கிறது. எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைத் தானே பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேர்கிறது. இஃது அவர் கூறியதன் சாரம்.

நமது பட்டறைகளை இந்தக் கணக்கில் நிறுத்துங்கள். மண்டபத்தில் எண்பது பேர். மேடையில் ஒருவர். திரையில் நூற்றிருபது பவர்பாயிண்ட் பக்கங்கள். எல்லாம் நன்றாகவே நடந்தாலும் கிடைக்கக்கூடியது முதல் கால் பங்கு. மீதமுள்ள முக்கால் பங்குக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை. அந்த முதற்காலும் முழுதாய்க் கிடைப்பதில்லை. நாசி லெமாக்கும் கறிபாப்பும் உண்டபின் பிற்பகல் இரண்டு மணிக்கு வரும் உரையில் எவ்வளவு மிஞ்சும் என்பது நாம் அறிந்ததே.

மேல்நாட்டு ஆய்வும் இதையேதான் சொல்கிறது. 1980இல் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்னும் இரண்டு கல்வியாளர்கள் ஆசிரியர் பயிற்சியில் இருக்க வேண்டிய ஐந்து கூறுகளை எடுத்துக் காட்டினார்கள்: கோட்பாட்டு விளக்கம், செய்துகாட்டல், செய்து பழகல், பின்னூட்டம், வகுப்பறையில் தொடர் வழிகாட்டல். ஐந்தாவது இல்லாதபோது முன் நான்கில் பெற்றவை வகுப்பறைக்குள் நுழைவது மிக மிக அரிது என்பதே அவர்களுடைய தொடர் ஆய்வுகள் வலியுறுத்திய செய்தி. நம் பட்டறைகள் பெரும்பாலும் முதற்கூறோடு நின்றுவிடுகின்றன. நல்ல பயிற்றுநர் வாய்த்தால் இரண்டாம் கூறு வரை போகின்றன. ஐந்தாவது வரை போன பட்டறையை எண்ணிச் சொல்ல எனக்கு ஒரு கை விரல்களே அதிகம்.

அடுக்கடுக்காகக் கரையும் பயிற்சி

பெற்றோர்களுக்காக இதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். புதிய கலைத்திட்டம் வரும்போது நாட்டின் எல்லா ஆசிரியர்களையும் ஒரே நேரத்தில் அழைத்துப் பயிற்சி தர இயலாது. ஆதலால் அடுக்குமுறை கையாளப்படுகிறது. தேசிய நிலையில் முதன்மைப் பயிற்றுநர்கள் பயில்கிறார்கள். அவர்கள் மாநிலத்துக்கு வந்து சிலருக்குச் சொல்கிறார்கள். அந்தச் சிலர் மாவட்டத்தில் பள்ளிக்கு ஒருவரை அழைத்துச் சொல்கிறார்கள். அந்த ஒருவர் பள்ளிக்குத் திரும்பி மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மேலே சில நாள்கள் நடந்தது மாவட்டத்தில் ஒரு நாளாகி, பள்ளியில் ஆசிரியர் கூட்டத்தின் கடைசி நாற்பது நிமிடங்களாகச் சுருங்குகிறது. மேலே விவாதம் நடந்திருக்கும், ஐயங்கள் எழுந்திருக்கும், விடைகள் கிடைத்திருக்கும். கீழே வந்து சேர்வது அந்த விவாதம் அன்று. பென்டிரைவில் உள்ள கோப்பு மட்டுமே. தேநீரில் மும்முறை நீர் ஊற்றிக் கடைசியில் கொடுப்பதைப் போன்றது இது. நிறம் இருக்கும், சுவை இராது.

கே.எஸ்.எஸ்.ஆர். எனப்படும் தொடக்கப்பள்ளித் தர அடிப்படையிலான கலைத்திட்டம் 2011இல் முதலாம் ஆண்டில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2016இல் ஆறாம் ஆண்டை எட்டியது. உடனே 2017இல் அதன் சீராய்வு முதலாம் ஆண்டில் தொடங்கி 2022இல் ஆறாம் ஆண்டை எட்டியது. பன்னிரண்டு ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு வகுப்புக்குப் புதிய பயிற்சி. முதலாம் ஆண்டுக்குப் பயிற்சி பெற்று வந்த ஆசிரியருக்கு அடுத்த கல்வியாண்டில் நான்காம் ஆண்டு கொடுக்கப்படும். நான்காம் ஆண்டுக்குப் பயிற்சி பெற்றவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போவார். குறைந்த மாணவர் பள்ளிகளில் இது தவிர்க்கவே முடியாதது; அங்கே ஓர் ஆசிரியர் மூன்று பாடங்களைக் கற்பிப்பார், இரண்டு வகுப்புகளைக் கவனிப்பார், நான்கு பொறுப்புகளைச் சுமப்பார். அவருக்கு அழைப்புக் கடிதம் வந்தால் ஒரு வகுப்பு காலியாகும். அழைப்பு வராவிட்டால் புதிய பாடத்திட்டம் அவருக்குப் புதிராகும்.

வரும்போது மேளம், போகும்போது மௌனம்

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன, தமிழ்ப்பள்ளிகளிலும்தான். ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி நடந்தது. மடிக்கணினிகள் வந்தன, புரொஜெக்டர்கள் வந்தன. தமிழில் கற்பித்துப் பழகிய பல மூத்த ஆசிரியர்கள் தங்கள் வகுப்பிலேயே நாத்தடுமாற நேர்ந்தது. 2009 ஜூலையில் அந்தக் கொள்கை மீட்டுக்கொள்ளப்படும் என்று அறிவிப்பு வந்தது. தமிழ்ப்பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் தமிழுக்குத் திரும்பின. மீட்பை வரவேற்றவர்களில் நானும் ஒருவர். ஆனால் கேட்கிறேன்: ஆங்கிலத்துக்கு மாற அத்தனைப் பட்டறைகள் நடந்தனவே, தமிழுக்குத் திரும்ப எத்தனை நடந்தன? கலைச்சொற்களை மீண்டும் நிலைநிறுத்த, ஆங்கிலத்தில் மட்டுமே கற்பித்துப் பழகிய இளம் ஆசிரியர்களுக்குத் தமிழில் அறிவியல் பேசக் கற்றுத்தர, அதே ஆர்வம் காட்டப்பட்டதா?

2012 முதல் சிந்தனை வரைபடங்கள் வந்தன. வட்ட வரைபடம், குமிழி வரைபடம், பால வரைபடம் என மொத்தம் எட்டு. டேவிட் ஹயர்லே என்னும் அமெரிக்கர் உருவாக்கியவை, நல்ல கருவிகள்தாம். ஆனால் பட்டறைகளில் வரைபடத்தை வரையக் கற்றுத்தந்தார்கள். எந்தச் சிந்தனைக்கு எந்த வரைபடம் ஏன் பொருந்தும் என்பதில் நேரம் செலவிடவில்லை. விளைவு, சுவரெங்கும் வரைபடங்கள். வரைபடத்துக்குள் பாடநூலிலிருந்து பெயர்த்து எழுதிய சொற்கள். பின்னர் உயர்நிலைச் சிந்தனை வந்தது. 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் வந்தது. மேசைகளை வட்டமாகப் போட்டால் நூற்றாண்டு மாறிவிட்டதாகப் பொருள் கொள்ளப்பட்டது.

நாடு முழுதும் அறிமுகமான ஒரு மெய்நிகர் கற்றல் தளத்துக்கும் பயிற்சிகள் நடந்தன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் பெற்று, பக்கங்களை உருவாக்கி, புழக்கக் கணக்கு உயர வேண்டும் என்பதற்காக மாணவர்களைத் தினமும் உள்நுழையச் செய்த பள்ளிகள் உண்டு. 2019இல் அந்தத் தளத்தின் காலம் முடிந்தது. ஆசிரியர்கள் உழைத்து உருவாக்கிய பாடப் பக்கங்களுக்காக வருந்திய அதிகாரி யாரையும் நான் கண்டதில்லை.

மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மாற்றமும் வரும்போது மேளம் கொட்டப்படுகிறது. போகும்போது ஒரு சொல் இல்லை. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்ற கணக்கு ஆசிரியர் கைக்கு வருவதே இல்லை. அதனால் அடுத்த மாற்றம் வரும்போது ஆசிரியர் மனத்தில் எழுவது ஆர்வமன்று. "இதுவும் கடந்து போகும்" என்ற பொறுமைதான். இந்தப் பொறுமையைச் சோம்பல் என்று அழைப்பவர்கள், அதை யார் விதைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பட்டறைகளில் காணாமற்போன தமிழ்

என் பெருங்குறை இதுதான். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு நடக்கும் பட்டறைகளில் தமிழைக் கற்பிப்பதன் நுட்பம் அரிதாகவே பேசப்படுகிறது.

1986இல் லீ ஷுல்மன் என்னும் அறிஞர் ஒன்றைச் சுட்டிக் காட்டினார். பாடத்தை அறிந்திருப்பது வேறு. கற்பிக்கும் பொதுமுறைகளை அறிந்திருப்பது வேறு. இந்தப் பாடத்தின் இந்தப் பகுதி பிள்ளைக்கு ஏன் கடினமாக இருக்கிறது, அதை எப்படி இளக்குவது என்று அறிந்திருப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதே ஆசிரியரின் தனிச்சொத்து. பொறியாளரும் மருத்துவரும் தமிழறிஞரும்கூட இதைப் பெற்றிரார்.

எடுத்துக்காட்டுகள் தருகிறேன். முதலாம் ஆண்டுப் பிள்ளை "கொக்கு" என்ற சொல்லைப் படிக்கிறது. அதன் கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக் கொம்பு. அடுத்துக் ககரம். அதன்பின் கால். ஆனால் வாயில் முதலில் வர வேண்டிய ஒலி ககரத்தினுடையது. கண் போகும் வரிசையும் வாய் போகும் வரிசையும் வேறு வேறு. மலாய் மொழியை எழுத்துக்கூட்டும்போது பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே எழுத்தும் ஒலியும் இடமிருந்து வலமாக ஒன்றாக நடக்கின்றன. ஒரே பிள்ளை காலையில் அந்த முறையிலும் அடுத்த பாடவேளையில் இந்த முறையிலும் படிக்க வேண்டியிருக்கிறது. "கௌ" என்பதில் வரும் குறி ளகரத்தைப் போலவே தோன்றுவதால் அதைத் தனி எழுத்தாகப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! இவற்றைப் பற்றி ஒரு முழுநாள் பட்டறை நடந்தால் நான் விடுப்பெடுத்தாவது போவேன்.

கணிதத்துக்கு வருவோம். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம். இருபது முதல் எண்பது வரை "பது" என்று ஒலித்துவந்த வரிசை, தொண்ணூறில் திடீரென்று "நூறு" என்ற ஒலியைப் பெறுகிறது. 90 என்று எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் திகைத்து நிற்பது அறிவுக் குறைவால் அன்று. சொல்லுக்குள் நூறு கேட்பதால்தான். மலாயில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இந்தச் சிக்கல் வராது. எனவே மலாய் மொழியில் ஆயத்தம் செய்யப்பட்ட பொதுப் பட்டறையில் இதற்கு விடையும் வராது. பொதுப் பட்டறைகளைக் குறைகூற இயலாது. அவை எல்லாருக்கும் உரியவை. ஆனால் நமக்கே உரிய சிக்கல்களுக்கு நாம்தானே இடம் கேட்க வேண்டும்?

சிங்கப்பூரைப் பார்க்கிறேன். அங்கே 1998இல் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி என்பது உரிமையாக அறிவிக்கப்பட்டது. நிரப்ப வேண்டிய கட்டம் என்பதைவிட, கேட்டுப் பெறக்கூடிய உரிமை என்பதே அதன் சிறப்பு. தமிழாசிரியர்கள் கூடிப் பேச, பாடக் கருவிகளை உருவாக்க, உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் இருக்கிறது. அங்கேயும் குறைகள் இருக்கும். வேலைப்பளு பற்றிய புலம்பல் அங்கிருந்தும் என் காதுக்கு வருகிறது. ஆயினும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில், தமிழ் கற்பிக்கும் கலைக்கென்றே அப்படியோர் இடம் வேண்டும் என்ற குரல் ஏன் இன்னும் உரக்க எழவில்லை?

பயிற்றுநர்களுக்கு யார் பயிற்சி தருவது?

இனி, சற்றுக் கடினமான பேச்சு. நமக்குப் பயிற்சி தருவோர் பலர் ஆசிரியர் கல்விக் கழக விரிவுரையாளர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், கல்வி அலுவலக அதிகாரிகள். அவர்களில் என் ஆசிரியர்களும் உண்டு. என் நண்பர்களும் உண்டு. அவர்களுடைய புலமையை நான் மதிக்கிறேன். ஆனால், முதலாம் ஆண்டு வகுப்பில் அவர்கள் கடைசியாக நின்று பாடம் நடத்தியது எந்த ஆண்டில் என்று கேட்டால், பலரிடமிருந்து வருவது ஒரு புன்னகைதான். இடைநிலைப்பள்ளியிலிருந்து நேரே கழகத்துக்கு வந்தவர்களுக்கு அந்த வகுப்பு அனுபவம் தொடக்கத்திலிருந்தே இல்லை.

அவர்களுக்கும் பட்டறைகள் நடக்கின்றன. ஆய்வுக் கட்டுரை எழுதுவது, புள்ளியியல் மென்பொருளைக் கையாள்வது, இணையவழி விரிவுரை நிகழ்த்துவது எனப் பல. எல்லாம் தேவையானவையே. ஆனால் தொடக்கப்பள்ளி ஆசிரியரை உருவாக்குபவருக்குத் தலையாய தொழில் மேம்பாடு எது? தொடக்கப்பள்ளி வகுப்பறைதான். நன்னூல் கணக்கின்படி பார்த்தால், எடுத்துரைப்பதால் வரும் அரைப் பங்கு அங்கேதான் கிடைக்கிறது. அறுவை மருத்துவப் பேராசிரியர் அறுவைக் கூடத்துக்குள் போகாமல் இருபது ஆண்டுகள் அறுவையைப் பற்றி விரிவுரை மட்டும் நிகழ்த்தினால் நாம் ஒப்புவோமா? ஆசிரியர் தொழிலில் மட்டும் ஏன் ஒப்புகிறோம்?

"மிக நன்று" என்னும் மாயம்

டொனால்டு கெர்க்பேட்ரிக் என்பவர் 1959இல் பயிற்சிகளை மதிப்பிட நான்கு படிகளைக் கூறினார். முதற்படி, பங்கேற்றவர்க்குப் பிடித்ததா? இரண்டாம் படி, கற்றார்களா? மூன்றாம் படி, பணியிடத்தில் நடைமுறை மாறியதா? நான்காம் படி, விளைவு கிடைத்ததா? நம் கருத்துப் படிவங்கள் கேட்பன என்ன? மண்டபம் வசதியாக இருந்ததா, உணவு நன்றாக இருந்ததா, பயிற்றுநர் தெளிவாகப் பேசினாரா. எல்லாம் முதற்படி. கூகுள் படிவமாக மாறியதால் காகிதம் மிச்சமானது, கேள்வி மாறவில்லை. அந்தப் படிவத்தை நிரப்பினால்தான் சான்றிதழ் என்ற நிபந்தனையும் சேர்ந்தபின், "மிக நன்று" என்பது கருத்தன்று, வெளியேறும் சீட்டு.

மூன்றாம் படியையும் நான்காம் படியையும் யாரேனும் அளந்தால் பல பட்டறைகள் அடுத்த ஆண்டே நின்றுபோகும் என்பது என் துணிபு.

எதிர்பார்க்கும் மறுப்புகள்

முதல் மறுப்பு: "ஆசிரியர்களுக்குக் கற்கும் ஆர்வம் இல்லை, குறை அவர்களிடத்தில்." அப்படிச் சிலர் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சொந்தக் காசில் நூல் வாங்கிப் படிக்கும் ஆசிரியர்களையும், இரவு பதினொரு மணிக்கு வாட்ஸாப் குழுவில் பயிற்றுப்பொருள் பகிரும் ஆசிரியர்களையும் நான் நாள்தோறும் காண்கிறேன். கற்கும் ஆர்வம் இருக்கிறது. அது மண்டபத்துக்குள் வர மறுக்கிறது.

இரண்டாம் மறுப்பு: "வகுப்பறையில் வழிகாட்ட ஆளுமில்லை, நேரமுமில்லை." கணக்கிட்டுப் பார்ப்போம். ஏழு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் 42 மணி நேரம். நான்கு ஆசிரியர்கள் ஒரு குழு. ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட 2 மணி நேரம். ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிக்க 1 மணி நேரம். பின்னர் கூடிப் பேச 1 மணி நேரம். ஆக 4 மணி நேரம். நால்வரும் ஆளுக்கொரு பாடம் நடத்தினால் 16 மணி நேரம். 42இல் 16 மட்டுமே! மீதம் 26 மணி நேரத்துக்கு அவர்கள் விரும்பியபடி பட்டறை வைத்துக்கொள்ளட்டும். ஜப்பானிய ஆசிரியர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் ஒருவர் பாடத்தை மற்றவர் கூடி ஆய்ந்து வருகிறார்கள். நம் நாட்டிலும் தொழில்முறைக் கற்றல் குழுக்களின் பெயரால் இம்முறை சொல்லப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் படம் எடுத்து அறிக்கை அனுப்பும் நிகழ்வாகப் பல இடங்களில் சுருங்கிவிட்டது.

ஆசிரியர் குறைவான பள்ளிகளில் மூவர் ஒரே நேரத்தில் வகுப்பை விட்டு வர முடியாது என்பது உண்மை. அங்கே இருவர் இணையாகச் செய்யலாம். அல்லது பலகையும் ஆசிரியரும் மட்டும் தெரியும்படி கைப்பேசியில் பாடத்தைப் பதிந்து, பள்ளி முடிந்தபின் கூடிப் பார்க்கலாம். மனம் இருந்தால் வழி பிறக்கும்.

நான் வேண்டுவன

1. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கான எந்தப் பட்டறையிலும் உண்மையான பிள்ளைகளுக்கு முன் ஒரு பாடம் நடத்திக் காட்டப்பட வேண்டும். நடத்துபவர் பயிற்றுநராகவே இருக்க வேண்டும்.

2. தொடக்கப்பள்ளி ஆசிரியரை உருவாக்கும் விரிவுரையாளரும் அதிகாரியும் ஆண்டுக்குச் சில வாரங்களாவது ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பைப் பொறுப்பேற்று நடத்த வேண்டும். அதை அவர்களுடைய பயிற்சி நாள்களாகவே கணக்கிடட்டும்.

3. கருத்துப் படிவம் பட்டறை முடியும் மாலையில் வேண்டாம். மூன்று மாதம் கழித்து வரட்டும். கேள்வி ஒன்றே போதும்: "உங்கள் வகுப்பில் என்ன மாறியது?"

4. பயிற்சி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது பள்ளிக்குள், சக ஆசிரியர் பாடங்களைப் பார்த்துப் பேசுவதற்கு ஒதுக்க வேண்டும். அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. படம் வேண்டவே வேண்டாம்.

5. வெறும் அறிவிப்புக்காக ஆசிரியரை வகுப்பிலிருந்து இழுக்க வேண்டாம். அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள். படிக்கத் தெரிந்தவர்கள்தாம் ஆசிரியர்களாக இருக்கிறோம்.

ஏன் இப்போது சொல்கிறேன்?

2027ஆம் ஆண்டுக்கெனப் புதிய பள்ளிக் கலைத்திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. புதிய கலைத்திட்டம் என்றால் புதிய பட்டறைகள். 2011இல் கண்டதையும் 2017இல் கண்டதையும் மூன்றாம் முறையும் காணப் போகிறோமா? பள்ளிக்கு ஒருவர் போய்க் கோப்போடு திரும்புவாரா? அல்லது கற்பிக்கப் போகிற ஒவ்வொருவரும் பயில்வார்களா?

முன்பைவிட இன்று இதற்கு எடை அதிகம். ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அந்தத் தேர்வை நான் போற்றியவன் அல்லன். ஆனால் அது போனபின், பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை அன்றாடம் மதிப்பிடும் பொறுப்பு வகுப்பாசிரியர் தோளில் முன்னிலும் அதிகமாக ஏறியது. ஒரு பிள்ளைக்கு அடைவுநிலை மூன்றா நான்கா என்று முடிவு செய்யும் கண், மண்டபத்தில் உரை கேட்டு வருவதன்று. நான்கு ஆசிரியர்கள் ஒரே கட்டுரையை மேசையில் வைத்து, "நான் மூன்று கொடுப்பேன், நீங்கள் ஏன் ஐந்து கொடுத்தீர்கள்?" என்று வாதிடும்போது வருவது. அந்தக் கண் பழகாவிட்டால் குறைநீக்கல் வேண்டிய பிள்ளை வெளியே தெரியாது. தெரியாத பிள்ளைக்கு உதவியும் வாராது. இடைநிலைப்பள்ளியில் போய்த்தான் தெரியவரும். அப்போது பழி முழுதும் தமிழ்ப்பள்ளியின் தலையில் விழும். தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பலாமா என்று தயங்கி நிற்கும் அடுத்த பெற்றோரின் முடிவும் அங்கேயே எழுதப்பட்டுவிடும்.

பெற்றோர்களுக்கு

"டீச்சர் எப்போது பார்த்தாலும் கோர்சுக்குப் போய்விடுகிறார்" என்று நீங்கள் குறைபடுவது எங்கள் காதிலும் விழுகிறது. போவதும் போகாததும் ஆசிரியரின் விருப்பமன்று. அழைப்புக் கடிதம் கட்டளை. ஆதலால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சென்ற ஆண்டு ஆசிரியர்கள் பெற்ற பயிற்சியால் வகுப்பில் என்ன மாறியது? ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பை மற்றவர் பார்த்துப் பேச நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா? புதிய கலைத்திட்டத்துக்கு என் பிள்ளையின் ஆசிரியர் நேரில் பயில்வாரா? மரியாதையோடு கேளுங்கள்; விடை வரும்வரை கேளுங்கள். தலைமையாசிரியர் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதி மேலே அனுப்பட்டும். எங்கள் குரல் கருத்துப் படிவத்தோடு நின்றுவிடுகிறது. உங்கள் குரல் அதையும் தாண்டிப் போகும்.

ஆசிரியத் தோழர்களே, நமக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த வாரம் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் சென்று, "உங்கள் பாடத்தைப் பின்னால் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பின்னர் அவரை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். அதற்கு அழைப்புக் கடிதம் தேவையில்லை, சான்றிதழும் கிடைக்காது. நன்னூலார் சொன்ன இரண்டாவது கால் பங்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாற்றுக் கருத்து உடையோர் தாராளமாக எழுதலாம். பயிற்றுநர்களாக இருப்போர் எழுதினால் இன்னும் மகிழ்வேன்.